‘ங்க’ போடாத மாப்பிள்ளை

தீவுக்குக் கார் போகாது என்பதை என் வீட்டுக்காரருக்கு மூன்று பேர் சொல்ல வேண்டியிருந்தது. முதலில் நான் சொன்னேன். பிறகு படகுத்துறையில் டிக்கெட் கொடுப்பவர் சொன்னார். கடைசியில் அங்கே நின்ற போலீஸ்காரர் வந்து, காரை மதில் ஓரமாக விடும்படி கையைக் காட்டினார். படகில் ஆள் மட்டும்தான் ஏறலாம், அந்தப் பக்கம் ரோடே கிடையாது, பாறையும் நாலு தென்னையும்தான். எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, "அப்ப அங்க போயி நடக்கோணுமா?" என்றார். பல்லடத்தில் எங்கள் தோட்டத்து வீட்டிலிருந்து ரோட்டுக்கடைக்கு நூறு அடிகூட இருக்காது. அதற்கும் காரை எடுக்கிற மனிதர்.

பதில் சொன்னால் சண்டை வரும். அன்றைக்கு மட்டும் சண்டை வரக் கூடாது என்று முந்தின நாளே எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன். அன்றைக்கு இவர் ஒரு வார்த்தை சொல்லியாக வேண்டும். 'வாங்க' என்ற ஒரே ஒரு வார்த்தை.

எங்கள் பக்கத்தில் அந்த வார்த்தைக்கு இருக்கிற மதிப்பு மற்ற ஊர்க்காரர்களுக்குப் புரியுமோ என்னவோ. வாசலுக்கு வந்தவரை 'வாங்க' என்று கேட்டாக வேண்டும்; வரவேற்பதை நாங்கள் கேட்பது என்றுதான் சொல்வோம். பத்து வருடமாகப் பேசிக்கொள்ளாத அண்ணன் தம்பிகளை எனக்குத் தெரியும். காரணம் சொத்து என்று நினைப்பீர்கள். கேட்டுப் பார்த்தால், "அன்னிக்குப் போனப்ப வாங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலைங்க" என்பார்கள். என் மாப்பிள்ளையை என் வீட்டுக்காரர் ஒரு தடவைகூட 'வாங்க' என்று கேட்டதில்லை. கேட்காத வீட்டுக்கு மாப்பிள்ளை எப்படி வருவார்? அவர் வராத வீட்டுக்கு மகள் எப்படி வருவாள்? அடுத்த மாதம் எங்கள் ஊரில் மாரியம்மன் நோம்பி சாட்டுகிறார்கள், ஊரே கூடுகிற திருவிழா. இந்த நோம்பிக்காவது இரண்டு பேரும் வந்து வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மகள் கர்நாடகத்தில் கடலோரத்து ஊர் ஒன்றில் கல்லூரி வேலைக்குப் போனாள். அதே கல்லூரியில் வேலை பார்க்கிற ஒருவரை இரண்டு வருடத்துக்கு முன்னால் பதிவுத் திருமணம் செய்துகொண்டாள். முடித்துவிட்டுத்தான் போன் செய்தாள். கன்னடக்காரர், நல்ல குடும்பம், நல்ல பையன் என்பதெல்லாம் அப்புறம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் அன்றைக்குக் கத்தவில்லை. தட்டில் இருந்த சோற்றைத் தின்று முடித்துவிட்டு மில்லுக்குக் கிளம்பிவிட்டார். இவர் நடத்துவது கோழித் தீவன மில். மறுநாளிலிருந்து மகளிடம் பேசுவதை நிறுத்திவிட்டார்.

மூன்று மாதம் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் நானே போன் போட்டு, மாப்பிள்ளை எடுத்ததும் இவர் காதில் கொண்டுபோய் வைத்தேன். இவர் தொண்டையைச் செருமிக்கொண்டு, "ஏனுங்க..." என்று ஆரம்பித்தார். யாரைக் கூப்பிட்டாலும் நாங்கள் அப்படித்தான் ஆரம்பிப்போம். சாமியைக் கூப்பிட்டாலும் ஒரு 'ங்க' சேர்ந்துகொள்ளும். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் எனக்கும் கேட்டது.

"ஏனு?"

அவ்வளவுதான். 'ங்க' இல்லை. இவர் போனை என் கையில் திணித்தார். "மாமனார்கிட்டப் பேசறான், 'ஏனு'ங்கறான். ஒரு 'ங்க' போட வாய் வரலை. இவனைப் போயி நான் வாங்கன்னு கேக்கோணுமா?"

எனக்கும் சுருக்கென்றுதான் இருந்தது. ஆனால் பெற்ற பெண்ணிடம், உன் வீட்டுக்காரருக்கு மரியாதை தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது? சொல்லவில்லை. மனசிலேயே வைத்துக்கொண்டேன். சொந்தக்காரர்கள் யாராவது மகளைப் பற்றிக் கேட்டால் இவர் இந்தக் கதையைத்தான் எடுப்பார். "ஏனுன்னு கேக்கறானுங்க" என்பார். கேட்டவர்களும் உச்சுக் கொட்டிவிட்டுப் போவார்கள். ஜாதி, மொழி, சொல்லாமல் செய்த கல்யாணம் என்று எதையும் யாரும் வாய் திறந்து பேசவில்லை. அத்தனை பாரத்தையும் ஒரு 'ங்க'வின் தலையில் ஏற்றிவிட்டார்கள்.

இந்தப் பயணமே நான் செய்த சூழ்ச்சி. அந்தப் பக்கத்துக் கோயில் ஒன்றுக்கு வேண்டுதல் இருக்கிறது என்றேன். அப்படியே மகளைப் பார்த்துவிட்டு வரலாம் என்றேன். "அவன் ஊட்டுப் படி ஏற மாட்டேன்" என்றார் இவர். மகளிடம் சொன்னேன். "படி ஏற வேண்டாம்மா. படியே இல்லாத எடத்துக்குப் போலாம்" என்று அவள்தான் தீவைச் சொன்னாள். அங்கே யாருக்கும் வீடு இல்லை. யாரும் யாரையும் வாங்க என்று கேட்கத் தேவையில்லை. காலையில் படகில் போய் சாயங்காலத்துக்குள் திரும்பிவிடலாம். இதற்கும் ஏதாவது நொட்டை சொல்வார் என்று நினைத்தேன். "வழியிலதான" என்று ஒத்துக்கொண்டார். கிளம்பும்போது பார்த்தால் டிக்கியில் ஒரு மூட்டை தேங்காய். கடலோரம் நெடுக தென்னை நிற்கிற ஊருக்குப் பல்லடத்துத் தேங்காய்! கொல்லத் தெருவில் ஊசி விற்கப் போகிறோமா என்று கேட்டேன். "வண்டி சும்மாத்தான போவுது" என்றார்.

படகுத்துறையில் மகளும் மாப்பிள்ளையும் எங்களுக்கு முன்பே வந்து நின்றார்கள். மகள் இளைத்திருந்தாள். இரண்டு வருடத்தில் அவளை நான் நேரில் பார்த்தது ஒரே தடவை, கோயமுத்தூர் ரயில்வே ஸ்டேஷனில் ஒரு மணி நேரம். கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். மாப்பிள்ளை இவரைப் பார்த்துக் கைகூப்பி, "வணக்கம் மாமா" என்றார். சொல்லிக்கொடுத்து மனப்பாடம் செய்தது தெரிந்தது. இவர் தலையை ஒரு அங்குலம் ஆட்டிவிட்டுக் கடலைப் பார்த்தார். மகளிடமும் ஒரு வார்த்தை இல்லை. கடலில் அப்படி என்னதான் இருந்ததோ தெரியவில்லை, வைத்த கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டே நின்றார்.

படகில் ஏறுவதற்குள் என் பொறுமையில் பாதி போய்விட்டது. வரிசையில் எங்கள் முறை வந்ததும் இவர் ஒதுங்கிக்கொண்டு பின்னால் நின்றவர்களிடம், "நீங்க ஏறுங்க" என்றார். அவர்கள் ஏறினார்கள். அதற்கும் பின்னால் நின்றவர்களிடம், "பரவால்லீங்க, நீங்க முன்னால போங்க" என்றார். எங்கள் ஊர்க் கல்யாணப் பந்தியில் இப்படிச் சொன்னால் எதிரில் இருப்பவரும் 'இல்லீங்க, நீங்க உக்காருங்க' என்பார். இரண்டு தடவை மாற்றி மாற்றிச் சொல்லிவிட்டு இரண்டு பேரும் உட்காருவார்கள். இங்கே ஒருவரும் திருப்பிச் சொல்லவில்லை. இவர் கை காட்டக் காட்ட ஏறிப் போய்க்கொண்டே இருந்தார்கள். இரண்டு படகு போய்விட்டது. ஊர் பேர் தெரியாத அத்தனை பேரையும் உபசாரம் செய்கிறவர், பக்கத்தில் பையைத் தூக்கிக்கொண்டு நிற்கிற மாப்பிள்ளையை மட்டும் திரும்பிப் பார்க்கவில்லை. மூன்றாவது படகில் நான் முதுகில் கை வைத்துத் தள்ளித்தான் இவரை ஏற்றினேன்.

ஏறியதும் எங்களை விட்டுவிட்டுத் தனியாகப் போய் முன்பக்கத்துப் பலகையில், படகோட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். வெயில் மண்டையைப் பிளந்தது. துண்டு என் பையில் இருந்தது. "ஏனுங்க!" என்று கூப்பிட்டேன்.

படகோட்டி திரும்பினார். "ஏனு?"

நான் அவரைக் கூப்பிடவில்லையே என்று இன்னும் கொஞ்சம் உரக்க, "ஏனுங்க!" என்றேன்.

"ஏனு? ஏனு பேக்கு?" என்று கேட்டு அவர் எஞ்சின் வேகத்தைக் குறைத்துவிட்டார். படகில் இருந்த மொத்தப் பேரும் என்னைப் பார்த்தார்கள். மகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். படகோட்டியிடம் கன்னடத்தில் என்னவோ சொன்னாள். அவரும் சிரித்துவிட்டு வேகத்தைக் கூட்டினார்.

"என்ன கண்ணு?" என்றேன்.

"ஏனுன்னா கன்னடத்துல 'என்ன'ன்னு அர்த்தம்மா. நீங்க அப்பாவைக் கூப்பிடக் கூப்பிட, அவரு என்ன, என்ன வேணும்னு கேக்கறாரு. உங்க மாப்பிள்ளைகூட அப்படித்தான். மொதல்லல்லாம் நான் ஏனுங்கன்னு கூப்பிட்டா, ஏனு ஏனுன்னு கேட்டுட்டே இருப்பாரு."

அன்றைக்கு போனில் அந்தப் பையன் 'என்ன' என்றுதான் கேட்டிருக்கிறார். புரியாத பாஷையில் யாரோ பேசினால் யாரும் அதைத்தான் கேட்பார்கள். அதற்காக இரண்டு நோம்பி போனது, இரண்டு தீபாவளி போனது. தலைதீபாவளிக்கு எடுத்த வேட்டி இன்னும் பீரோவில் கிடக்கிறது. எனக்கு இவர் மேல் வந்த கோபத்தைவிட என் மேல் வந்த கோபம்தான் பெரிது. அன்றைக்கே மகளிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் அன்றைக்கே முடிந்திருக்கும். மரியாதை மரியாதை என்று வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

தீவில் இறங்கியதும் இவரை ஓரமாக இழுத்துப்போய் விஷயத்தைச் சொன்னேன். துள்ளிக் குதிக்க வேண்டாம், கொஞ்சம் வெட்கமாவது படுவார் என்று நினைத்தேன். "அப்பிடியா?" என்றார். அப்புறம், "தண்ணி பாட்டல் எங்க?" என்றார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் பாட்டிலைக் கடலில் எறிந்திருப்பேன்.

தீவு என்று சொன்னால் நீங்கள் மணலும் நிழலும் நினைத்துக்கொள்வீர்கள். இங்கே கால் வைக்கிற இடமெல்லாம் கறுத்த பாறை. அடுக்கி வைத்த செங்கல் மாதிரி மூலை மூலையாக நீட்டிக்கொண்டு நிற்கிறது. செருப்பைப் போட்டால் வழுக்குகிறது, கழற்றினால் சுடுகிறது. என் மூட்டு வலிக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. இருந்த நாலு தென்னையில் ஒன்றின் நிழலைப் பிடித்து உட்கார்ந்தோம். மாப்பிள்ளை தூக்குச்சட்டியைத் திறந்தார். அவர் அம்மா கொடுத்தனுப்பியது, பலா இலையைக் கூடு மாதிரி பின்னி அதற்குள் ஊற்றி வேகவைத்த இட்லி. இவர் நாலு தின்றார். ஐந்தாவதை மாப்பிள்ளை கையில் எடுத்துக்கொண்டு, "இன்னொண்ணு... மாமா?" என்று தட்டுத்தடுமாறித் தமிழில் கேட்டார்.

இவர் என் பக்கம் திரும்பினார். "போதும்னு சொல்லு."

கையை நீட்டினால் தொடுகிற தூரத்தில் அந்தப் பையன் உட்கார்ந்திருக்கிறார். நடுவில் நான் தபால்காரி. "போதுமாம்" என்று சொன்னேன். மாப்பிள்ளை சிரித்தபடி மூடியைப் போட்டார். மகள் சிரிக்கவில்லை. அவள் கண் கலங்கியிருந்ததை நான் பார்த்தேன், இவரும் பார்த்தார். கொஞ்ச நேரம் கழித்து அவள் எழுந்து, "சித்த நடந்துட்டு வாரேம்மா" என்று தீவின் அந்தப் பக்கத்துக்குப் போனாள். மாப்பிள்ளையும் பின்னாலேயே போனார்.

நாங்கள் இரண்டு பேரும் தென்னை நிழலிலேயே இருந்தோம். வெயில் சாயத் தொடங்கியபோது கடல் இறங்க ஆரம்பித்தது. காலையில் தண்ணீருக்குள் இருந்த பாறைகள் பாசியோடு ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அது ரொம்ப இறங்கிவிட்டால் படகு அடியில் பாறை தட்டும், துறைக்குக் கிட்டேயே வர முடியாது. கடைசிப் படகை விட்டால், மறுபடியும் தண்ணீர் ஏறுகிற வரை தீவிலேயே கிடக்க வேண்டியதுதான். காலையிலேயே இதைச் சொல்லித்தான் இறக்கிவிட்டிருந்தார்கள். விசில் சத்தம் கேட்டது. அங்கங்கே இருந்தவர்கள் எல்லாரும் படகைப் பார்த்து ஓடினார்கள். மகளையும் மாப்பிள்ளையையும் காணோம். போனில் சிக்னல் இல்லை. காலையில் எங்களைக் கொண்டுவந்த அதே படகோட்டி எஞ்சினைப் போட்டுவிட்டார்.

"ஏனுங்க, படகு எடுக்கறாங்க! புள்ளைங்க அங்கயே நிக்குதுங்க!" என்று கத்தினேன்.

இவர் எழுந்தார். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அந்த வழுக்குப் பாறையில் ஓடினார். காலையில் நடக்க வேண்டுமா என்று கேட்டவர் ஓடினார். நானும் பின்னாலேயே விழுந்து எழுந்து போனேன். படகுக்குக் கிட்டே போய் நின்று, கையை நீட்டி, படகோட்டியிடம் சொன்னார்:

"ஸ்வல்ப நில்ரீ! மகளு பர்த்தாளே. ஹத்து நிமிஷ!"

மகள் வருகிறாள், பத்து நிமிஷம் நில்லுங்கள் என்று கன்னடத்தில் கேட்கிறார்! படகோட்டி தண்ணீரைக் காட்டி என்னவோ சொன்னார். இவரும் பதிலுக்குத் தண்ணீரைக் காட்டி மடமடவென்று என்னவோ சொன்னார். படகோட்டி தலையைச் சொறிந்துகொண்டு எஞ்சினை நிறுத்தினார்.

நான் நின்ற இடத்திலேயே நின்றேன். எங்கள் மில்லுக்கு மக்காச்சோளம் கர்நாடகத்திலிருந்துதான் வருகிறது. எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து லாரி லாரியாக வருகிறது. அதை விற்கிறவர்களிடம் இவர் எந்தப் பாஷையில் பேசுகிறார் என்று நான் ஒரு நாளாவது யோசித்திருக்க வேண்டாமா? மில் பேச்சை மில்லிலேயே விட்டுவிட்டு வருகிறவர் என்று பெருமையாக வேறு சொல்லிக்கொண்டிருந்தேன்.

"உங்களுக்குக் கன்னடம் தெரியுமுங்களா?"

"வேவாரத்துக்குக் கொஞ்சம்."

"அப்ப ஏனுன்னா என்னன்னு தெரியும்."

இவர் மடித்துக் கட்டிய வேட்டியை இறக்கிவிட்டார்.

"அன்னிக்கு போன்ல கேட்டப்பவே தெரியும்."

"தெரியும்" என்றார்.

இரண்டு வருடம். சொந்தக்காரர்கள் அத்தனை பேரிடமும் சொன்ன கதை. என்னிடம் சொன்ன கதை. நான் அதை நம்பிக்கொண்டு, ஒரு நல்ல பையனை மனசுக்குள் திட்டிக்கொண்டு இருந்திருக்கிறேன்.

"எதுக்குங்க இப்பிடிப் பண்ணுனீங்க?"

இவர் ஈரப் பாறையில் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அவன் மேல கோவத்த வெச்சுக்கலைன்னா, அது நம்ம அம்மணி மேல போயிரும். அவ மேல கோவப்பட என்னால ஆகாது. அதுக்கு இவன் தோதா இருந்தான்."

கேட்டதும் மனசு இளகியிருக்க வேண்டும். இளகவில்லை. இன்னும்தான் பற்றிக்கொண்டு வந்தது. "அப்ப அவ மேலயே கோவப்படுங்க! திட்டறதுக்காச்சும் வாயத் தொறங்க! ரெண்டு வருசமா எம் புள்ளைகிட்ட ஊமையாட்ட இருந்துபோட்டு, எல்லாத்தையும் தூக்கி அந்தப் பையன் தலையில போட்டீங்களே, இது நாயமுங்களா?" என்று கத்தினேன். கல்யாணம் ஆகி முப்பது வருடத்தில் நாலு பேர் நடுவில் இவரிடம் நான் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. அப்போதும் 'ங்க' போட்டுத்தான் கத்தியிருக்கிறேன். படகில் இருந்தவர்கள் வேடிக்கை பார்த்தார்கள்.

அதற்குள் அவர்கள் இரண்டு பேரும் பாறைக்கு மேலே தெரிந்தார்கள். மாப்பிள்ளை கையைக் கொடுத்து மகளை ஒவ்வொரு பாறையாக இறக்கிக் கூட்டிவந்தார். மூச்சு வாங்க வந்து நின்ற மகள் இவர் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துப் பயந்து, "அப்பா, விழுந்துட்டீங்களா?" என்றாள்.

இவர் எழுந்தார். இரண்டு வருடம் கழித்து அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"ஏங் கண்ணு, எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லோணும்னு உனக்குத் தோணவே இல்லியா?"

"சொன்னா வேண்டாம்னு சொல்லுவீங்கன்னு பயந்துட்டேனுங்கப்பா."

"சொல்லியிருப்பேன். வேண்டாம்னுதான் சொல்லியிருப்பேன். கத்தியிருப்பேன். சோறு திங்காமக் கெடந்திருப்பேன். ஒரு வாரம்." வேட்டி நுனியால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பிறகு சொன்னார். "அப்பறம் நானே முன்னால நின்னு பந்தல் போட்டிருப்பேன். அந்த ஒரு வாரத்தக்கூட நீ எனக்குக் குடுக்கலையே கண்ணு."

எனக்கும் அவள் போன் வந்த பிறகுதான் தெரியும். எனக்கும் அந்த ஒரு வாரம் வேண்டியிருந்தது. இவரைச் சமாதானம் செய்கிற வேலையில் அதை நான் யாரிடமும் கேட்டதில்லை, என்னிடமேகூடச் சொல்லிக்கொண்டதில்லை. அந்தப் பாறையில் நின்றபோதுதான் அது எனக்கு உறைத்தது.

மகள் தேம்பித் தேம்பி அழுதாள். முகத்தைத் துடைத்துக்கொண்டு இவர் கையைப் பிடித்தாள். "நோம்பிக்கு வாரோமுங்கப்பா. ரெண்டு பேரும் வந்து ஒரு வாரம் இருக்கறோம். நீங்க கத்துங்க."

படகோட்டி மறுபடியும் எஞ்சினைப் போட்டார். இவர் மகள் தலைக்கு மேலாக, ஒன்றும் புரியாமல் தூக்குச்சட்டியோடு நின்றுகொண்டிருந்த மாப்பிள்ளையைப் பார்த்தார். லாரிக்காரர்களிடம் கேட்கிற குரலில், கொஞ்சம் கரகரப்பாகத்தான் கேட்டார்.

"ஒந்து வார ரஜே சிகுத்தா?"

ஒரு வாரம் லீவு கிடைக்குமா என்று கேட்கிறார் என்பது எனக்கே புரிந்தது. மாப்பிள்ளை வாயைப் பிளந்துகொண்டு நின்றார். பிறகு மகளையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல், நேராக இவரைப் பார்த்துச் சொன்னார்.

"சிகுத்தே, மாமா."